முடி நடப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஹாஸ்டலில் முடி கொட்ட ஆரம்பித்தவன் முதலில் பழி போடுவது தண்ணீர் மீதுதான். கல்வராயன் மலையில் வெள்ளிமலையிலிருந்தோ கரியாலூரிலிருந்தோ இறங்கி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்குப் படிக்க வருகிறவன் என்றால் இந்தப் பழி இன்னும் உறுதியாகிவிடும். "மலையில ஊத்துத் தண்ணியில குளிச்சேன், நல்லா இருந்துச்சு. இங்க போர் தண்ணி, உப்பு. ரெண்டே வருஷத்துல முன்மண்டை காலி." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழ வைக்கும், சில சமயம் முடியை நடுவில் உடைக்கும். வேரோடு போக்காது. அவன் மலையிலேயே இருந்திருந்தாலும் இருபது, இருபத்தொன்றில் நெற்றி ஏறத்தான் செய்திருக்கும். அப்பாவையும் தாய்மாமனையும் ஒருமுறை தொப்பி, துண்டு இல்லாமல் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

தண்ணீருக்கு அடுத்த குற்றவாளி ஹெல்மெட். அதுவும் நிரபராதிதான். ஹெல்மெட் போடாமல் போகச் சொட்டையைக் காரணம் காட்டுகிறவர்கள் வேறு நல்ல காரணம் தேடிக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது, உதிர்ந்த இடத்தில் மறுபடி முளைக்கும். பிரச்சினை உதிர்வதில் இல்லை. முளைத்து வருவது முன்பைவிட மெலிசாகவும் குட்டையாகவும் வருவதில் இருக்கிறது. பரம்பரை வழுக்கை அப்படித்தான் நடக்கிறது. டி.எச்.டி. என்ற ஆண் ஹார்மோன், முன்மண்டையிலும் உச்சியிலும் இருக்கும் வேர்க்கால்களைச் சுருக்கிக்கொண்டே போகிறது. கடைசியில் பூனைமுடி, அப்புறம் அதுவும் இல்லை. காதுக்கு மேலேயும் பின்மண்டையிலும் உள்ள வேர்க்கால்கள் மட்டும் இந்த ஹார்மோனைச் சட்டை செய்வதில்லை. அதனால்தான் எவ்வளவு பெரிய சொட்டைக்காரருக்கும் பின்னால் ஒரு வளையம் மிச்சம் இருக்கிறது. இந்த வளையத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வேலை இருக்கிறது.

எல்லா முடி உதிர்வும் பரம்பரை அல்ல. டெங்கு, டைஃபாய்டு, கொரோனா மாதிரி ஒரு பெரிய காய்ச்சல் வந்து போய் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டும். பட்டினி கிடந்து உடம்பு இளைத்தவர்களுக்கும், பிள்ளை பெற்ற பெண்களுக்கும் இப்படி ஆகும். பெரும்பாலும் ஆறேழு மாதத்தில் தானாகவே திரும்பி வந்துவிடும். (அந்த ஆறு மாதத்தில் எந்த எண்ணெய் தேய்த்தாலும் அந்த எண்ணெய்க்குத்தான் பெயர் கிடைக்கும்!) பெண்களுக்கு இரத்தசோகையும் தைராய்டும் முக்கியமான காரணங்கள். ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துபோகும் விஷயத்துக்கு வருடக்கணக்கில் ஷாம்பூ மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மூன்றாவது புழுவெட்டு. காசு அளவுக்கு வட்டமாக, வழவழவென்று முடி போய்விடும், சிலருக்குத் தாடியிலும் வரும். பூச்சி எதுவும் வெட்டுவதில்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வேர்க்காலைத் தாக்குகிறது. இதற்கு ஊசி, மருந்து என்று வேறு வைத்தியம். புழுவெட்டு தீவிரமாக இருக்கும்போது அதே இடத்தில் முடி நடலாம் என்று ஒருவர் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது.

எண்ணெய் பற்றிச் சொல்லாமல் போனால் கோபித்துக்கொள்வார்கள். கல்வராயன் மலையில் கடுக்காய் நிறையக் கிடைக்கிறது, நெல்லியும் உண்டு. கரிசலாங்கண்ணி, மருதாணி, செம்பருத்தி எல்லாம் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் முடியை வழவழப்பாக வைக்கும், உடைவதைக் குறைக்கும். அது நல்ல விஷயம்தான். சுருங்கிப்போன வேர்க்காலை எழுப்பும் என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. 2023-லிருந்து கர்நாடகத்து ஹக்கி பிக்கி மக்களின் பெயரில் 'ஆதிவாசி மூலிகை எண்ணெய்' நாடு முழுக்க ஓடியது. இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தலோடு வீடியோவில் நின்றார்கள். பார்த்தவர்கள் மயங்கினார்கள். அவர்கள் முடி நீளமாக இருப்பதற்கு எண்ணெய் மட்டும்தான் காரணமா என்று கேட்டவர்கள் குறைவு. பலருக்குத் தெரியாத ஒன்று: மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளில் 'ஜே அட்டவணை' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எந்தெந்த நோய்களைக் குணப்படுத்துவதாக ஒரு மருந்து சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற பட்டியல் அது. அதில் வழுக்கையும் இருக்கிறது, புது முடி வளர்ப்பதும் இருக்கிறது. எய்ட்ஸும் புற்றுநோயும் இருக்கும் அதே பட்டியல்!

ஆதாரம் உள்ள மருந்துகள் என்று பார்த்தால் இரண்டுதான் முக்கியமானவை. முதலாவது தற்செயலாகக் கிடைத்தது.

மினாக்சிடில் முதலில் இரத்தக் கொதிப்புக்கான மாத்திரை. 1979-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கை, முகம் என்று கண்ட இடத்தில் எல்லாம் முடி முளைத்தது. பக்கவிளைவையே வியாபாரமாக்கித் தலையில் தடவும் திரவமாகச் செய்தார்கள், 1988-இல் அனுமதி கிடைத்தது. ஆண்களுக்கு 5 சதவீதம் என்பது வழக்கம். தடவ ஆரம்பித்த முதல் இரண்டு மாதத்தில் முடி இன்னும் அதிகமாகக் கொட்டும். பழைய முடி விழுந்து புதியது கிளம்பும் கட்டம் அது. பாதிப் பேர் பயந்து நிறுத்துவது இங்கேதான். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் கிடைத்தது திரும்பிப் போய்விடும். வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இது பூனைக்கு விஷம், தலையணையை நக்கினால்கூட ஆபத்து.

இரண்டாவது ஃபினாஸ்டிரைடு. இதன் கதை கரீபியன் தீவு நாடான டொமினிகன் குடியரசில் ஒரு கிராமத்தில் தொடங்குகிறது. பிறக்கும்போது பெண்போலத் தோன்றிய சில குழந்தைகள் பருவ வயதில் ஆணாக மாறினார்கள். ஜூலியன் இம்பராட்டோ மெக்கின்லி என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் அங்கே போய் ஆராய்ந்து 1974-இல் எழுதினார்கள். டி.எச்.டி.-யை உண்டாக்கும் நொதி அந்தக் குழந்தைகளுக்குக் குறைவு. பெரியவர்களான பிறகு அவர்களுக்குப் புராஸ்டேட் சிறியதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. அந்த நொதியை மருந்தால் தடுத்தால் என்ன என்ற யோசனையில் வந்த மாத்திரை 1992-இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராமாகவும், 1997-இல் வழுக்கைக்கு 1 மில்லிகிராமாகவும் அனுமதி பெற்றது. நன்றாக வேலை செய்கிற மாத்திரைதான். ஆனால் மெடிக்கலில் போய் நேரே கேட்டு வாங்குகிற மாத்திரை அல்ல. சிறு பங்கினருக்கு ஆண்மை ஆர்வம் குறைவது உண்டு. தற்கொலை எண்ணம் வருவதும் இதன் பக்கவிளைவுகளில் ஒன்று என்பதை 2025-இல் ஐரோப்பிய மருந்து முகமை உறுதி செய்தது. ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவர் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவே கூடாது.

பி.ஆர்.பி. என்று இரத்தம் எடுத்துச் சுற்றித் தலையில் ஊசி போடுவதைப் பற்றி: சிலருக்குப் பலன் இருக்கிறது, பலருக்கு இல்லை. எத்தனை முறை, எவ்வளவு என்பதில் ஆளுக்கொரு கணக்கு. காசு மிச்சம் இருப்பவர்கள் பார்க்கலாம்.

இனி நடுவது. பின்மண்டை வளையம் வருவது இங்கேதான். அங்கிருந்து எடுத்து முன்னால் நட்ட வேர்க்கால், தன் பழைய குணத்தை விடுவதில்லை. முன்னால் போனபின்பும் ஹார்மோனைச் சட்டை செய்யாமல் வளர்கிறது. ஜப்பானில் ஒகுடா என்பவர் 1939-இலேயே முடியுள்ள தோலை எடுத்து நட்டுக் காட்டியிருந்தார். நியூயார்க்கில் நார்மன் ஓரன்டிரைக் 1950-களில் வழுக்கைக்கு இதைச் செய்து, இந்தக் குணத்தை 1959-இல் விளக்கி எழுதினார். அந்தக் காலத்தில் கொத்தாக நட்டதால் பொம்மைத் தலை மாதிரி இருக்கும். இப்போது ஒன்று முதல் நான்கு முடி உள்ள தனித்தனி வேர்க்கால் கொத்துகளாக நடுகிறார்கள், கிராஃப்ட் என்று சொல்வது அதைத்தான். பின்மண்டையில் ஒரு பட்டை தோலை வெட்டி எடுத்துப் பிரிப்பது எஃப்.யூ.டி. ஒரு மில்லிமீட்டர் அளவு ஊசிக் குழாயால் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பது எஃப்.யூ.ஈ. முதலாவதில் கோடு போலத் தழும்பு வரும். இரண்டாவதில் புள்ளிகளாக வரும். 'தழும்பே இல்லை' என்பது விளம்பரம்.

புது முடி எதுவும் உற்பத்தி ஆவதில்லை, இருப்பதை இடம் மாற்றுகிறார்கள். அவ்வளவுதான். நெல் நாற்றங்காலில் நாற்று இருக்கும் அளவுக்குத்தான் வயலில் நட முடியும். ஒருவருக்கு வாழ்நாள் முழுக்கச் சேர்த்தே சில ஆயிரம் கிராஃப்ட்தான் பாதுகாப்பாக எடுக்க முடியும். அதற்கு மேல் எடுத்தால் பின்மண்டை பூச்சி அரித்த துணி மாதிரி ஆகிவிடும்.

'ஊசி போட்டு மரக்க வைத்துச் செய்கிற சின்ன வேலைதானே' என்று நினைக்கிறவர்கள் 2016 மே மாதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இறந்து போனவர் விவரம் தெரியாத ஆள் அல்ல. சென்னை மருத்துவக் கல்லூரியின் இறுதியாண்டு மாணவர், வயது 22. சில மாதங்களில் டாக்டர் ஆகியிருப்பார். நுங்கம்பாக்கத்தில் ஒரு முடி நடும் மையத்துக்குப் போனார். மயக்க மருந்து கொடுத்தவர் கொடுத்துவிட்டு நடுவிலேயே கிளம்பிப் போய்விட்டதாகவும், அதன் பிறகு மாணவருக்கு உடம்பு மோசமானதாகவும் அப்போது செய்திகள் வந்தன. மருத்துவமனைகளுக்கு மாற்றி, கடைசியில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார்கள். அங்கே இறந்தார். அந்த மையத்துக்கு இருந்தது முடிதிருத்தும் நிலையத்துக்கான உரிமம்தான் என்று தெரியவந்தது. அதிகாரிகள் பூட்டினார்கள். சம்பந்தப்பட்ட இரண்டு டாக்டர்களில் ஒருவர் மயக்கவியல், இன்னொருவர் எம்.பி.பி.எஸ். தோல் டாக்டரும் இல்லை, பிளாஸ்டிக் சர்ஜனும் இல்லை. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இருவரையும் ஓராண்டு இடைநீக்கம் செய்தது.

ஓராண்டு! அந்தத் தண்டனை போதுமா என்று அப்போதே கேட்டார்கள். அதைவிட உறுத்தும் கேள்வி வேறு. ஐந்து வருடம் மருத்துவம் படித்த ஒருவருக்கே, படுத்திருக்கும் இடம் ஆபரேஷன் தியேட்டரா சலூனா என்று தெரியவில்லை என்றால், விளம்பரம் பார்த்துப் போகும் மற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை தெரிந்தே போனாரா? நெற்றி ஏறும்போது இருபத்திரண்டு வயதில் எவருக்கும் நிதானம் இருப்பதில்லை. அதைக் கேலி செய்கிறவர்கள் தங்கள் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு பேசட்டும்.

இது ஒன்றோடு முடியவும் இல்லை. 2019-இல் மும்பையில் ஒரு வியாபாரிக்கு ஒரே அமர்வில் ஒன்பதாயிரத்துக்கும் மேல் கிராஃப்ட் நட்டதாகச் செய்தி வந்தது, இரண்டு நாளில் இறந்தார். கான்பூரில் 2024 நவம்பரிலும் 2025 மார்ச்சிலும் இரண்டு பொறியாளர்கள் இறந்தார்கள், நட்டவர் பல் டாக்டர் என்பது குற்றச்சாட்டு.

ஏன் சாவு வருகிறது? கத்தியால் அல்ல, பெரும்பாலும் மரப்பு மருந்தால், அல்லது ஒவ்வாமையால், அல்லது கிருமி ஏறுவதால். லிக்னோகேயினை அட்ரினலின் சேர்த்துப் போடும்போது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பது வழக்கமான உச்சவரம்பு. 60 கிலோ ஆளுக்கு 420 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இருக்கிறது, ஆக 21 மில்லியில் கணக்கு முடிந்தது. தலை முழுக்க, பின்னால் எடுக்கவும் முன்னால் நடவும், எட்டு மணி நேரம் வேலை நடக்கிறது என்றால் இந்த 21 மில்லியை எவ்வளவு சுலபமாகத் தாண்டிவிடலாம் என்று யோசித்துப் பார்க்கலாம். நீர்த்து, பிரித்துப் பிரித்து, எழுதி வைத்துக்கொண்டு போட வேண்டும். மீறினால் வாயைச் சுற்றி மரக்கும், காதில் இரையும், வலிப்பு வரும், இதயம் நிற்கும். அந்த நிமிடத்தில் ஆக்சிஜனும் அட்ரினலினும் அதைப் போடத் தெரிந்த ஒருவரும் அறையில் இருக்க வேண்டும்.

ஆகவே டாக்டரைத் தேடும்போது சோஃபாவையும் ஏசியையும் பார்க்க வேண்டாம். தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட பரிந்துரையில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: முறையான அறுவைப் பயிற்சி பெற்ற, பதிவு பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்ய வேண்டும். பட்டறையில் உட்கார்ந்து பார்த்ததும் யூடியூபில் பார்த்ததும் பயிற்சி ஆகாது. யூடியூப் என்றே பெயர் சொல்லி எழுத வேண்டி வந்ததென்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும்! எம்.டி. தோல் மருத்துவம் அல்லது எம்.சி.எச். பிளாஸ்டிக் சர்ஜரி, அதற்கு இணையான டி.என்.பி. இதில் ஒன்று இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெயர்ப்பலகையில் 'டிரைகாலஜிஸ்ட்', 'ஹேர் எக்ஸ்பர்ட்', 'காஸ்மெட்டிக் கன்சல்டன்ட்' என்று இருப்பதெல்லாம் அந்தப் பட்டங்கள் ஆகா. மருந்துச் சீட்டில் பதிவு எண் அச்சிட வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு விதிமுறை. அந்த எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் தளத்தில் போட்டால் ஆள் உண்மையா என்று தெரியும். இடத்துக்கும் தனிப் பதிவு வேண்டும், மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ். அந்தச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அடுத்துக் கேட்க வேண்டியது, 'யார் செய்வார்?' பதில் 'எங்க டீம்' என்று வந்தால் மறுபடி கேட்க வேண்டும். துளை போடுவது யார், நடும் பள்ளத்தைக் கீறுவது யார், மரப்பு மருந்து போடுவது யார், வேலை முடியும்வரை அந்த டாக்டர் கட்டிடத்தில் இருப்பாரா. உதவியாளர்கள் உதவலாம், தவறில்லை. டாக்டர் காலையில் நெற்றியில் பேனாவால் கோடு போட்டுவிட்டு அடுத்த ஊருக்குக் காரேறினால் தவறு. ஒரே நாளில் எத்தனை பேருக்குச் செய்கிறார்கள் என்றும் கேட்கலாம். நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவே பதில்.

முதலில் பேசுகிறவர் டாக்டர் இல்லாமல் 'கவுன்சிலர்' என்ற விற்பனை ஆளாக இருப்பதும், இன்றே முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்பதும், மாதத் தவணை படிவம் மேஜையில் தயாராக இருப்பதும் ஜவுளிக்கடைக்குச் சரி. கிராஃப்டுக்கு இவ்வளவு என்று பேசும் இடத்தில் எண்ணிக்கை கூடக்கூடக் கடைக்குத்தான் லாபம் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். 'இவருக்கு இப்போது வேண்டாம்' என்று யாரையாவது திருப்பி அனுப்பியிருக்கிறாரா என்று விசாரித்தால், முன்-பின் போட்டோ ஆல்பத்தைவிட அதிகம் தெரியும்.

வயது விஷயத்தில் மாணவர்கள் மனதை உறுதியாக வைத்துக்கொள்ள வேண்டும். இருபது, இருபத்தொன்றில் வழுக்கை எதுவரை போகும் என்று எவராலும் சொல்ல முடியாது. இப்போது நெற்றியில் பதினாறு வயது கோட்டில் நட்டுவிட்டால், முப்பதில் அதற்குப் பின்னால் உள்ள சொந்த முடி போய், முன்னால் ஒரு வரப்பு, நடுவில் பொட்டல் என்று நிற்கும். அதை நிரப்பப் பின்மண்டையில் சரக்கு இருக்காது. அதனால்தான் பொறுப்பான சர்ஜன்கள் இருபத்தைந்துக்குக் கீழே பொதுவாகத் தயங்குகிறார்கள். முதலில் ஒரு வருடம் மருந்து, பிறகு பேச்சு.

அந்த ஒரு வருடத்துக்குச் சென்னை போகவும் வேண்டாம். கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட பதினொன்றில் ஒன்று. சிறுவங்கூரில் இருக்கிறது. தோல் பிரிவில் சீட்டு வாங்கி உட்கார்ந்தால் இது பரம்பரையா, புழுவெட்டா, இரத்தசோகையா என்று செலவில்லாமல் தெரிந்துவிடும். இன்னொரு கருத்து வேண்டுமென்றால் ஆத்தூர் வழியாகச் சேலம் அரசு மருத்துவமனை, அந்தப் பக்கம் புதுச்சேரி ஜிப்மர். வரிசை நீளம்தான். அங்கே விற்பனை ஆள் மட்டும் இருக்க மாட்டார்.

எல்லாம் பார்த்து, வயதும் ஆகி, நட்டே தீர்வது என்று முடிவெடுத்தவர் அன்றைக்கே கடைசி பஸ் பிடித்து ஊர் திரும்பக் கூடாது. ஓர் இரவாவது பக்கத்தில் தங்க வேண்டும், கூட ஓர் ஆள் வேண்டும், இரவு பத்து மணிக்கு அழைத்தால் எடுக்கும் எண் ஒன்று டாக்டரிடமிருந்து வாங்கியிருக்க வேண்டும். காய்ச்சலோ, மூச்சுத் திணறலோ, தலையில் சீழோ தெரிந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே மருத்துவமனை. முதல் சில இரவுகள் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். நெற்றி வீங்கிக் கண்வரை இறங்குவது சிலருக்கு உண்டு, வடிந்துவிடும். பொருக்கைப் பிய்க்கக் கூடாது. மூன்று நான்கு வாரத்தில் நட்ட முடியெல்லாம் உதிர்ந்துவிடும்! ஏமாந்துவிட்டோம் என்று அழ வேண்டியதில்லை, வேர் உள்ளேதான் இருக்கிறது. நான்காம் மாதம் மெலிசாகத் தலைகாட்டும். முழுசாகத் தெரிய ஒரு வருடம் ஆகும். அதுவரை தீபாவளி, பொங்கல் இரண்டிலும் சொந்தக்காரர்கள் 'என்னப்பா, இன்னும் வரலையா?' என்று கேட்பார்கள். மாத்திரையையும் தடவுவதையும் டாக்டர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. நடாத பழைய முடிக்கு அவைதான் காவல்.

சொட்டையோடு இருக்க முடிவு செய்தவருக்குச் செலவு மாதம் ஒரு சவரம்.